நம் பள்ளிக்கூடத்தில் முன்வரிசை யாருக்கு?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

கல்வியின் சிறப்பைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். கல்வியின் சிறப்பை எத்தனையோ ஜும்ஆக்களில் கூறிவிட்டோம். நீங்களும் பொறுமையுடன் கேட்டுவிட்டீர்கள். இன்று வேறொன்றைப் பேச அனுமதி வேண்டுகிறோம். வக்ஃபு நிலத்தில் மழலையர் மற்றும் தொடக்கப் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்குவதென்று ஜமாஅத் முடிவெடுத்துள்ளது. அதன் சேர்க்கை விதிகளின் வரைவு நம் பார்வைக்கும் வந்தது. அதில் மூன்றாவது விதி நம்மை உறங்கவிடவில்லை. பிள்ளைக்குத் தேர்வு, பெற்றோர் இருவருக்கும் நேர்காணல், ஜமாஅத் பிள்ளைகள் போக எஞ்சும் இடங்கள் ‘தகுதியுள்ள குடும்பங்களுக்கு’ என்று அவ்விதி கூறுகிறது. மூன்றரை வயதுப் பிள்ளை எந்தத் தேர்வை எழுதும் என்பது ஒருபுறமிருக்கட்டும். தகுதி என்றால் என்ன என்று வரைவை எழுதிய பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். நம்மீது அன்புடையவர், ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: “ஹஜ்ரத், உப்பளத்துப் பிள்ளைகளையும் கடற்கரைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கிட்டா, நம்ம ஆளுங்களே பிள்ளைகளை வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் கட்டடம்தான் நிக்கும்.”

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. வசதியுள்ள பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். கட்டணம் செலுத்துபவர்களும் அவர்களே. ஆகவே அவர் கூற்றை எளிதாகத் தள்ளிவிடாமல், நம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

திருநெல்வேலிச் சீமையின் சேரன்மாதேவியில் 1922ஆம் ஆண்டில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார். அவர் நாட்டுக்காகத் துன்பங்களை ஏற்றவர், பெரும் கல்விமான். காங்கிரஸ் கட்சியின் நிதியும் பொதுமக்களின் நன்கொடையும் அக்குருகுலத்துக்குச் சென்றன. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே சேர்க்கப்பட்டனர். வாயில் யாருக்கும் அடைக்கப்படவில்லை. ஆனால் பிராமணப் பிள்ளைகள் இருவரின் பெற்றோர், தம் மக்களுக்குத் தனியே உணவளிக்க வேண்டும் என்றனர். ஐயர் அதற்கு இசைந்தார். இரண்டே பிள்ளைகள், இரண்டே இலைகள்! செய்தி வெளியே தெரிந்தபோது டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.ராமசாமியும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப்பந்தி ஏன் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1925இல் அப்பிணக்கு உச்சத்தில் இருந்தபோதே ஐயர் பாபநாசம் அருவியில் மூழ்கி உயிரிழந்தார். அவர் செய்த பணிகள் எத்தனையோ இருக்க, அக்குருகுலத்தின் பெயரைச் சொன்னால் இன்றும் மக்கள் நினைவில் எழுவது அந்தத் தனிப்பந்திதான்.

ஐயர் உள்ளத்தில் இழிவான எண்ணம் கொண்டிருந்தார் என்று நாம் கூறவில்லை. பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிடுவார்களே என்று இரண்டு பெற்றோருக்கு அவர் விட்டுக்கொடுத்தார். நம் பெரியவர் அஞ்சுவதும் அதே அச்சம்தான். ஒரே சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்ணும் வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வரும் நாம், சோற்றில் காட்டாத பிரிவினையைப் பாடத்தில் காட்டலாமா?

நம் ஊருக்கே வருவோம். 1930இல் இராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகிகள் திருச்சியிலிருந்து நடந்து வந்தபோது அவர்களுக்குத் துணைநின்று சிறை சென்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அவரே 1946இல் இங்கே கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவினார். ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கும் ஏழைப் பெண்பிள்ளைகளுக்கும் உணவும் உறைவிடமும் கல்வியும் தரவேண்டும் என்பது அதன் நோக்கம். பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதே அரிதாக இருந்த காலத்தில், யாருமற்ற பிள்ளைகளை முதலில் அழைத்து, அவர்களை வைத்துத்தான் அந்நிறுவனம் வளர்ந்தது. பெரிய வீட்டுப் பெற்றோர் முகம் சுளிப்பார்களே என்று சர்தார் காத்திருந்தால் இந்த ஊருக்கு அந்தக் குருகுலம் கிடைத்திருக்காது. சேரன்மாதேவியில் ஒரு குருகுலம், வேதாரண்யத்தில் ஒரு குருகுலம். நம் வக்ஃபு நிலத்தில் எழப்போவது எதன் வழியில் செல்லும் என்பதே இன்றைய வினா.

அதே 1930இல், காவலர் ஒருவருக்குப் பாதிச் சவரம் செய்திருந்த நிலையில் மீதியைச் செய்ய மறுத்துச் சிறை சென்ற வைரப்பனுக்கு இவ்வூரில் நினைவுத்தூண் நிற்கிறது. நாமும் பெருமையுடன் அதைக் காட்டுகிறோம். வைரப்பனின் பேரப்பிள்ளை வயதில் ஒரு குழந்தை இன்று விண்ணப்பத்துடன் வந்தால், நம் நேர்காணலில் ‘தகப்பனார் தொழில்’ என்ற கட்டத்தைப் படித்தபின் நம் முகம் எப்படி இருக்கும்? வெளியாரை விடுங்கள். முடி திருத்தும் தொழில் செய்யும் குடும்பங்கள் நம் ஜமாஅத்திலேயே உள்ளன. தொழுகையில் தோளோடு தோள் நிற்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை நம்மில் சிலர் தம் வீட்டு விசேஷங்களில் எங்கே அமர்த்துகிறோம் என்பது நமக்கே தெரியும். அதை இங்கே விரித்துரைக்க நாம் விரும்பவில்லை.

சட்டத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிக்கூடங்கள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. ஆனால் 2014இல் உச்ச நீதிமன்றம் பிரமதி வழக்கில், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வே 2025 செப்டம்பரில் எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. வரைவை எழுதியவர்கள் 2014 தீர்ப்பை நன்கு அறிந்தவர்கள். “நமக்குக் கட்டாயம் இல்லை” என்று ஓரத்தில் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். நம் நிறுவனங்களை நாமே நிர்வகிக்கும் உரிமையை அரசியல் சட்டம் தந்திருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லும் எண்ணம் நமக்கில்லை. ஆயினும் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, நாட்டின் சிறுபான்மைப் பள்ளிகளில் சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய பிள்ளைகள் நூற்றுக்கு 8.76 பேர் மட்டுமே என்றது. அந்த அறிக்கையின் நோக்கத்தைக் குறைகூறியோர் உண்டு. நோக்கம் எதுவாயினும் அந்த எண் நம்மை உறுத்த வேண்டும். ஏழைக்காகப் பேசும் சமுதாயம் நாம்.

“நம் பிள்ளைகளுக்கே வெளியில் இடமில்லாதபோது அடுத்தவர் பிள்ளைக்கு ஏன் இடம் தேட வேண்டும்?” என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நியாயமான கோபம் அது. ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கூடமே சென்றதில்லை, அல்லது இடையில் நின்றுவிட்டார் என்று 2006இல் சச்சார் குழு எழுதியது. தமிழ்நாட்டில் 2007இல் நமக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு கிடைத்தது. 2022இல் கர்நாடகத்தில் தலைத்துணியுடன் வந்த மாணவியரைக் கல்லூரி வாசலிலேயே நிறுத்திய காட்சியைக் கண்டு நம் வீட்டுப் பெண்கள் அழுதார்கள். அதே ஆண்டின் இறுதியில் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசு வழங்கிவந்த கல்வி உதவித்தொகையும் நின்றது. வாசலில் நிறுத்தப்படுவது எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்த வலியை அறிந்தவர் கட்டும் பள்ளிக்கூடத்தில் நேர்காணல் அறைக்கு வெளியே ஒரு தாய் தலைகுனிந்து நிற்கலாமா என்பதுதான் அவ்விளைஞருக்கு நம் பதில்.

பெரியோர்களே, இவ்வளவும் பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம் குற்றத்தைப் பேச வேண்டும்.

ஆறாண்டுகளுக்கு முன் நம் மக்தபில் ஒரு சிறுவன் ஓதி வந்தான். தகப்பனார் உப்பு லாரிகளில் மூட்டை ஏற்றுபவர். பெயர் வேண்டாம். அவனுக்கு ஓதல் ஏறவில்லை. ‘ஸீன்’ என்று நாம் சொன்னால் ‘ஷீன்’ என்பான். அல்லது வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இரண்டு முறை பிரம்பை ஓங்கினோம், ஒருமுறை அடித்தும்விட்டோம். பிறகு நன்றாக ஓதும் பிள்ளைகளை முன்னே வைத்து அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினோம். அங்கே மின்விசிறியின் இரைச்சல் வேறு. அவன் தாய் வந்து கேட்டபோது, “பிள்ளைக்குப் புத்தி மந்தம், துஆச் செய்யுங்கள்” என்று பெரிய மனிதரைப்போலச் சொல்லி அனுப்பினோம்.

சில மாதங்கள் கழித்து அந்த அம்மையார் மீண்டும் வந்தார். அரசுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோகும் சிறப்பாசிரியை ஒருவர், பையன் பெயரைப் பின்னாலிருந்து அழைத்திருக்கிறார், அவன் திரும்பவில்லை. மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார். நெடுநாள் சீழ் வடிந்து இரு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது. “ஹஜ்ரத், எம் புள்ளைக்குப் புத்தி மந்தமில்லை. காதுதான் கேக்கலை” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே நம்மைச் சுட்டது. ஏழாண்டு மதரஸாவில் ஓதி ஸனது பெற்ற நமக்குத் தெரியாதது, பெயர்சொல்லி ஒருமுறை அழைத்துப் பார்த்த ஓர் ஆசிரியைக்குத் தெரிந்தது.

கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாறு நம் அனைவருக்கும் தெரியும். குறைஷித் தலைவர்களுடன் நபிகளார் பேசிக்கொண்டிருந்த வேளையில் அவர் கற்றுக்கொள்ள வந்தார். அக்கணத்தில் அவர் பக்கம் முகம் கொடுக்கப்படவில்லை. அதன்பொருட்டே ‘அபஸ’ அத்தியாயம் அருளப்பட்டது. நாமே அதற்குப் பலமுறை விளக்கம் சொல்லியிருக்கிறோம். அதே தோழர் பின்னாளில் மதீனாவில் பாங்கு சொல்பவராகவும், நபிகளார் வெளியூர் சென்ற வேளைகளில் அந்நகரின் பொறுப்பாளராகவும் அமர்த்தப்பட்டார். அந்த விளக்கத்தைச் சொல்லிவிட்டு வந்து பையனைக் கடைசி வரிசையில் அமர்த்தியவர் நாம்.

பையனை முன்வரிசையில், நம் வாயைப் பார்க்கும்படி அமர்த்தினோம். அரசு தந்த காதொலிக் கருவியும் வந்தது. இப்போது சிறு அத்தியாயங்களை ஓதுகிறான். ‘ஸீ’னுக்கும் ‘ஸா’துக்கும் உள்ள வேறுபாடு அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை; நம்மில் எத்தனை பேருக்குப் பிடிபட்டிருக்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இத்தகைய பிள்ளைகள் பிறருடன் சேர்ந்து பயில வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்று அஞ்சாதீர்கள். இவனுக்கு நாம் செய்தது பாயை மூன்று முழம் முன்னே இழுத்துப் போட்டதுதான்.

எனவே, வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்று நாம் கூறுவது பட்டறிந்து கூறுவதாகும். அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களில் வேலை செய்வோர் வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்னரே பாத்திக்குச் செல்கின்றனர். தாய் வீட்டில் இல்லாத காலை அது. தம்பி தங்கையை எழுப்பிக் குளிப்பாட்டி, இருந்ததைக் கொடுத்துவிட்டுத்தான் மூத்தவள் புறப்பட வேண்டும். அவளிடம் காலை எட்டு மணிக்கு வாயிற்கதவை அடைக்கும் விதியைச் சொல்லி என்ன பயன்? காலையுணவின்றி வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதால்தான் தமிழக அரசு 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25ஆம் நாள் நம் மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்துதான் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. நம்முடையது சுயநிதிப் பள்ளிக்கூடம். அத்திட்டம் நமக்கு வராது. ஆகவே ஓர் அடுப்பும் ஒரு சமையல்காரரும் வேண்டும். நோன்புக் கஞ்சிக்கு ஆண்டுதோறும் நாம் திரட்டும் தொகையைப் பார்த்தவர்கள் இதை இயலாத காரியம் என்று சொல்ல மாட்டார்கள்.

கட்டணத்திலும் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்த வீடுகளில் கையில் காசிராது. வரைவிலோ இரண்டாம் பருவக் கட்டணம் சரியாக அக்டோபரில் வருகிறது! எழுதியவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. உப்பளத்து நாட்காட்டி நம் வீடுகளில் தொங்குவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்போர் சிலருக்கு வருத்தம் வரலாம். ஆண்டுதோறும் ஏழை மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குகிறோம். மேடையில் பெயரை வாசிக்கிறோம், படம் எடுக்கிறோம், அப்படத்தை இந்த ஆண்டு மலரில் அச்சிடுகிறோம். சென்ற ஆண்டு ஒரு மாணவி நோட்டு வாங்க வரவில்லை. ஏன் என்று விசாரித்தோம். முந்தைய மலரில் வந்த அவள் படத்தை உடன்படிக்கும் பிள்ளைகள் வகுப்பில் காட்டிச் சிரித்தார்களாம். இருநூறு ரூபாய் நோட்டுகளுக்கு நாம் வாங்கிய விலை அது. நாங்குநேரியில் 2023இல் சக மாணவர்களாலேயே ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், நீதிபதி சந்துரு குழு 2024இல் அரசிடம் அறிக்கை தந்தது. பிள்ளைகளை அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும், சாதியைக் குறிக்கும் எதையும் வகுப்பில் உரைக்கக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. சாதியைக் காட்டாதீர்கள் என்பதைப் போலவே ஏழ்மையையும் காட்டாதீர்கள் என்று நாம் சேர்த்துக்கொள்கிறோம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்று கற்ற நாம், புகைப்படக்காரரைத் தனியே கூலிகொடுத்து அழைத்து வருகிறோம்.

நம் பெரியவரின் அச்சத்துக்கு மீண்டும் வருவோம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் இக்கரையைக் கடந்த இரவை மறந்திருக்க மாட்டீர்கள். நம் பள்ளிவாசல் மண்டபத்தில் எத்தனை குடும்பங்கள் படுத்திருந்தன! உப்பளத்தாரும் மீனவரும் நம்மவரும் ஒரே கூரையின்கீழ் ஆறு நாள் இருந்தோம். பிள்ளைகள் கலந்து விளையாடினர். எந்தத் தாயும் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியேறவில்லை. வெளியே மரம் ஒன்றுகூட நிற்கவில்லை என்பதும் ஒரு காரணந்தான். இருப்பினும் அந்த ஆறு நாளில் யாருடைய பிள்ளையும் கெட்டுப்போகவில்லை. அச்சம் கொள்ளும் பெற்றோரிடம் நாமே நேரில் சென்று பேச ஆயத்தமாக இருக்கிறோம். அவர்களுள் சிலர் போய்விடவும் கூடும். அந்த இழப்பைத் தாங்கும் வகையில் முதல் மூன்றாண்டுகளுக்கு வக்ஃபுக் கடை வாடகையில் ஒரு பகுதியைப் பள்ளிக்கூடத்துக்கென ஒதுக்க முத்தவல்லி அவர்கள் வாய்மொழியாக இசைந்துள்ளார்கள். அதைத் தீர்மானமாக எழுதிக்கொள்வது நல்லது.

மூன்றாம் விதிக்கு மாற்றாக நாம் எழுதிய வரிகளைச் செயலாளர் அவர்களிடம் ஒப்படைத்துள்ளோம். தேர்வும் நேர்காணலும் இல்லை. நான்கில் ஒரு பங்கு இடம், சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும், உப்பளத்தார், மீனவர், ஒடுக்கப்பட்ட மக்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்கும், எம்மதத்தவராயினும். விண்ணப்பங்கள் மிகுந்தால் அனைவர் முன்னிலையில் குலுக்கல். மழை மாதங்களில் கட்டணம் கேட்பதில்லை. கட்டணச் சலுகை பெறும் பிள்ளை யார் என்பது தலைமையாசிரியர், பொருளாளர் ஆகிய இருவருக்கன்றி எவருக்கும், நமக்கும்கூடத் தெரியக் கூடாது. மலரில் படம் வேண்டாம். வகுப்பறை வாசலில் படியோடு சாய்தளமும் வேண்டும் என்பதைக் கொத்தனாரிடம் இப்போதே சொல்லிவிட்டால் பிறகு இடிக்க வேண்டியதில்லை.

இஷாத் தொழுகைக்குப் பின் வாக்கெடுப்பு நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. மாற்றுக் கருத்துடையோர் இங்கேயே எழுந்து பேசுங்கள், நாமும் கேட்கிறோம். நாளை தேநீர்க் கடையில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம். திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களின் கருத்தையும் எழுத்தில் பெற்றுத் தருமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வஸ்ஸலாம்.